செட்டிப்பாளையம் டிராக்குக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கே: என்னுடையது 200 சிசி பைக். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைப் பந்தய டிராக்கில் ஓட்டிப் பழகும் நாளுக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். பைக்கில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

வீட்டிலேயே கழற்ற வேண்டியவை சாரி கார்டு, லெக் கார்டு, சென்டர் ஸ்டாண்ட். வளைவில் வண்டி சாயும்போது இவைதான் முதலில் தரையில் இடிக்கும். கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் மட்டும் வீட்டில் தொடாதீர்கள். டிராக்கில் கழற்றி, கிளம்பும்போது மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலந்தாவளம் தாண்டுவதற்குள் செலான் வந்துவிடும். சத்தமான சைலன்சருக்கும் இதே கதிதான். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் தயவு பார்ப்பதில்லை.

ஹெட்லைட், இண்டிகேட்டர், டெயில் லைட் எல்லாவற்றிலும் டேப் ஒட்ட வேண்டும். விழுந்தால் உடைந்த துண்டு டிராக்கில் சிதறக் கூடாது. 2017 ஏப்ரலுக்குப் பின் தயாரான பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் கிடையாது, எப்போதும் எரியும். அதன் மேல் டேப்பை ஒட்டினால் பல்பின் சூட்டில் பசை இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். ஹெட்லைட்டுக்குத் தனி ஃப்யூஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். திரும்பும்போது போட மறக்க வேண்டாம்.

லிக்விட் கூல்டு பைக் என்றால், கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்வார்கள். கூலன்ட்டில் உள்ள கிளைகால் தாரில் கொட்டினால் வழுக்கும், எளிதில் காயவும் காயாது. ஒரு நாளைக்குத் தண்ணீர் போதும். வாரக்கணக்கில் விட்டால் உள்ளே துரு பிடிக்கும், வந்ததும் மாற்றிவிடுங்கள். ஆயில் டிரெய்ன் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, ஆயில் மேல் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டயர் சூடேறினால் காற்று 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை ஏறும். அதனால் ரோட்டுக்கு வைக்கும் அளவில் 3, 4 பிஎஸ்ஐ குறைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு முறை பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் சூடாக இருக்கும்போதே கேஜ் வைத்துப் பாருங்கள். நல்ல கேஜ் ஒன்றும் கைப்பம்பும் கையோடு இருக்கட்டும். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

கே: நாலாவது ரவுண்டில் பிரேக் லீவர் ஆக்சிலேட்டர் வரை வந்துவிட்டது. பேட் புதுசு. மெக்கானிக் "ஒன்றுமில்லை" என்கிறார்.
– வாசகர், வாளையார்

பேட் புதுசாக இருந்தால் போதாது. பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். டிராக்கில் ஒவ்வொரு நேர்ச்சாலை முடிவிலும் பலமாகப் பிடிப்பதால், காலிப்பரில் (பேடால் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) சூடு ஆறுவதற்கு நேரமில்லை. ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். லீவரை அழுத்தினால் குமிழிதான் அமுங்கும், பேட் நகராது. ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக்குக் கோளாறு தெரியாமல் போவது இதனால்தான்.

லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு நோய்: பேட் அதிகச் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை, பேடின் தரத்தை மாற்ற வேண்டும்.

உங்களுக்குத் தேவை சீல் உடைக்காத புது டாட் 4 பாட்டில். முழுவதும் மாற்றி, குமிழி நிற்கும் வரை பிளீட் செய்து காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பாதி காலியாகி அலமாரியில் கிடந்த பாட்டில் வேண்டாம். டிராக்கிலேயே லீவர் இறங்கினால், லீவரை வேகமாக இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அழுத்திப் பிடித்து, கையைத் தூக்கிக் காட்டி, ஓரமாக மெதுவாகப் பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

கே: கொடிகளில் எதை மனப்பாடம் செய்ய வேண்டும்?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு: ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தரை வழுக்கும். நீலம்: வேகமானவர் பின்னால் வருகிறார். இதைப் பார்த்ததும் பதறி ஓரம் கட்டுவது பெரிய ஆபத்து. உங்கள் கோட்டிலேயே போங்கள், அவரே வழி பார்த்துக்கொள்வார். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் தெரிந்தால் வண்டியில் ஏதோ ஒழுகுகிறது அல்லது தொங்குகிறது. டிராக்கை விட்டு வெளியேறுங்கள்.

கே: ஆடி மாதத்தில் போகலாமா?
– வாசகர், கோபாலபுரம்

போகலாம், ஆனால் முதல் தடவைக்கு அந்த மாதம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அந்தப் பக்கம்தான் வீசும். எடை குறைந்த பைக்கை நேர்ச்சாலையிலேயே தள்ளும், மண்ணைக் கொண்டுவந்து வளைவில் கொட்டும். சாரல் விழுந்தால் வளைவு ஓரத்தில் பெயின்ட் அடித்த கெர்ப் (விளிம்புக் கட்டை) மேல் டயர் படவே கூடாது.

கே: இவ்வளவு நல்ல டிராக் இருந்தும் கோவைக்கு ஃபார்முலா ஒன் ஏன் வரவில்லை?
– வாசகர், வேலந்தாவளம்

அளவே போதாது. ஃபார்முலா ஒன்னுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் கிரேடு 1 சான்று வேண்டும். புதிய டிராக் 3.5 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது எதிர்பார்ப்பு. செட்டிப்பாளையம் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். இந்தியாவில் அந்தப் பந்தயம் நடந்தது 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள கிரேட்டர் நொய்டா புத்தா சர்க்யூட்டில், 2011 முதல் 2013 வரை. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். செட்டிப்பாளையம் தேசியப் பந்தயங்களுக்கும், எல்ஜிபி ஃபார்முலா 4 போன்ற சிறிய கார்களுக்கும் பொருத்தமான இடம். குறுகலான வளைவுகளில் கற்றுக்கொள்ள அது குறைவே இல்லை.

கே: டிராக்கில் விழுந்தால் இன்ஷூரன்ஸ் வருமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படியுங்கள்: பந்தயம், வேகச் சோதனை ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். ஃபேரிங், லீவர், ஹேண்டில்பார் செலவைக் கையிலிருந்து கொடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஸ்பேர் பிரேக் லீவர் ஒன்றும் கிளட்ச் லீவர் ஒன்றும் பையில் இருந்தால், சின்ன விழுகைக்குப் பிறகும் அன்றைக்கே மீண்டும் இறங்கலாம்.