ரூம் கூட்டாளிங்களோட கேட்டரிங் தொடங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, இலங்கை மலையகத்துல பொகவந்தலாவையில இருந்து கனடா டொரண்டோ வந்து ஆறு மாசந்தான் ஆகுது, ரூம்ல இருக்க ரெண்டு பேரும் ஊர்ப் பயலுக, மூணு பேரும் சேந்து கேட்டரிங் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. போடுங்க. ஆனா அந்த ரெண்டு பேர மட்டும் நம்பி எறங்காதீங்க.

நாங்களும் அப்படித்தான் தொடங்குனோம், மஸ்கெலியா பக்கம் ஒரே தோட்டத்து ஆளுங்க மூணு பேரு, சீட்டெடுத்த காச போட்டு. மூணு பேருக்கும் சமைக்கத் தெரியும், மூணு பேருக்கும் தெரிஞ்சவங்களும் அதே ஆளுங்கதான், அதனால ஆர்டரே வரல. மொத ஆர்டர் வந்தது லாண்ட்ரியில. சனிக்கிழமை துணி மடிச்சிட்டு இருக்கேன், பக்கத்து மிஷின்ல ஒரு டிரினிடாட் அம்மா, என் ஜாக்கெட்ல கறித்தூள் வாசம் வருதேன்னு பேச்சு குடுத்தாங்க, பேசிப் பேசி கடைசில அவங்க சர்ச்சுல நாப்பது பேருக்கு சாப்பாடு. அவங்க பேரு கூட எனக்கு அப்ப தெரியாது.

கிரனோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரர் 1973லயே இத எழுதிட்டாரு, நெருங்குனவங்களுக்குத் தெரிஞ்சது நமக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், புதுச் சேதி தூரத்துப் பழக்கத்துலதான் வரும்னு. தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடச்சவங்கள அவரு விசாரிச்சப்ப, வேலைய சொன்ன அந்த ஆள அடிக்கடி பாக்குறவங்க நூத்துக்கு 17 பேர் கூட இல்லயாம்.

நம்ம பாட்டன் பூட்டன் இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு மலைக்கு வந்ததே, ஆள் சேத்து கூட்டிட்டு வந்த கங்காணியோட ஊர்ப்பழக்கத்துலதான, சொந்தம் சொந்த ஊருன்னு ஆள் சேத்தாரு, நம்பிக்கையும் அவருதான் கடனும் அவருதான், 1921ல சட்டம் போட்டு துண்டு முறைய, அதாவது ஆளோட கடன சீட்டுல எழுதி குடுக்குற வழக்கத்த, எடுக்குற வரைக்கும் தோட்டம் மாறுனாலும் கடன் கூடவே போச்சு. அதனாலதான் சொல்றேன், பங்கு யாருக்கு எவ்வளவுன்னு மொத நாளே எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. நாங்க எழுதல. இங்க சண்டை வந்து, அங்க எங்கம்மாவும் கூட்டாளி ஒருத்தனோட அம்மாவும் பீலியில (தோட்டத்துப் பொதுக் குழாய்ல) தண்ணி புடிக்கையில மூஞ்சி பாக்கல, ரெண்டு வருஷம். அது இன்னும் எனக்கு ஆறல தம்பி.

அப்புறம், டொரண்டோ இருக்க இந்த ஒன்டாரியோ மாகாணத்துல சமையல் நடக்குற நேரம் பூரா, சாப்பாட்ட சுத்தமா கையாளப் படிச்சு வாங்குற ஃபுட் ஹேண்ட்லர் சர்டிபிகேட் உள்ள ஒருத்தராவது அங்க இருக்கணும். எங்களுக்கு வாடகை கிச்சன் காட்டுனதே அந்த கிளாஸ்ல பக்கத்துல உக்காந்த ஒரு பிலிப்பினோ பொண்ணுதான். நீங்க மூணு பேரும் படிங்க, ஆனா ஒரே கிளாஸ்ல சேராதீங்க, வேற வேற நாள்ல போங்க.