பைன் இலை ஊறலில் வெள்ளை ஆடை: கொட்டும் முன் இலையைப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானல் பைன் இலை என்று வாசலில் விற்க வந்தவரிடம் ஒரு கிலோ வாங்கினேன். அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஜாடியில் ஊறப்போட்டேன். பத்தே நாளில் மேலே வெள்ளை ஆடை, புளித்த வாடை. கொட்டிவிடவா? — வாசகி, காரைக்குடி

பதில்: ஆடை கிடக்கட்டும். முதலில் ஜாடியிலிருந்து ஓர் இலையை எடுத்து இரு முனையையும் பிடித்து இழுங்கள். கணுக்கணுவாகக் கழன்றால் அது சவுக்கு. கழன்ற இடத்தில் பொடிப் பல் வரிசைபோல ஒரு வட்டம் தெரியும். பைன் ஊசிக்குக் கணுவே கிடையாது. கொடைக்கானல் பைனில் பெரும்பாலும் மும்மூன்று ஊசிகள் அடியில் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும், கசக்கினால் பிசின் வாடை வரும். காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். அப்படியிருக்க, வாசலுக்கே கிலோ கணக்கில் வருகிறதென்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். கடையில் விற்கும் பைன் சாற்றுப் பாட்டிலில் 14 இலக்க உணவு உரிம எண் (FSSAI) இருக்கிறதே என்பீர்கள். அது வியாபாரிக்குக் கொடுத்த எண். உள்ளே என்ன இலை என்று பார்த்துக் கொடுத்ததல்ல. வாசல் வியாபாரியிடம் அந்த எண்கூட இருக்காது, கேட்க ஆளும் இல்லை.

சவுக்கு என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பைன்தான் என்றால், ஆடை மெல்லிய வெள்ளையாக இருக்கும்வரை வழித்தெடுத்தால் போதும். பச்சை, கறுப்புப் பூசணம் என்றால் மொத்தமும் போக வேண்டியதுதான். சர்க்கரை குறைந்ததுதான் உங்கள் தவறு. இலை எடைக்குச் சமமாகச் சர்க்கரை வேண்டும். மீதி அரைக் கிலோவை அரை லிட்டர் கொதித்த நீரில் கரைத்து, நன்றாக ஆறியபின் ஊற்றுங்கள். கழுவிய கல்லை வைத்து இலையை அமுக்குங்கள். மிதக்கும் இலையில்தான் ஆடை கட்டும். ஜாடியில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். வாயைத் துணியால் கட்டுங்கள். இறுக மூடினால் வாயு அடைத்து வெடிக்கும். முதல் வாரம் தினமும் கிளறுங்கள். முற்றத்து வெயில் ஆகாது, உள்ளறையில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வாடை ஏற்கெனவே காடிபோல மூக்கைத் துளைத்தால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் திரும்பாது.

“ஊறினால் சர்க்கரை என்சைம் ஆகிவிடும்” என்பது விற்பவர் பேச்சு. பெரும்பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயாளிகள் தொடவேண்டாம்.

கர்ப்பிணிகள் ஒரு கரண்டிகூடக் குடிக்கக் கூடாது. வட அமெரிக்காவில் பாண்டெரோசா பைன் ஊசி தின்ற சினைப்பசுக்கள் கன்று வீசியது நன்றாகத் தெரிந்த சேதி. நம் ஊர்ப் பைன் வேறு இனம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு முயல்பவர்களும் விட்டுவிடுங்கள். வடித்த சக்கையைக் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.