நந்தினியை எழுத யார் அனுமதியும் வேண்டாம். மஞ்சளழகி விஷயம் வேறு

கேள்வி: ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சில வருடங்களாக ஒரு வாசிப்புச் செயலியில் தொடர்கதை எழுதி வருகிறேன். 'பொன்னியின் செல்வன்' நந்தினி, கதை முடிந்த பிறகு எங்கே போனாள் என்பது ஒன்று. 'கடல் புறா'வின் மஞ்சளழகி தன் கதையைத் தானே சொல்வது இன்னொன்று. இரண்டும் இலவசம்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள் நந்தினியைப் படமாக வரைகிறாள். அதை மக்கிலும் டி-ஷர்ட்டிலும் போட்டு விற்கலாமா என்று யோசிக்கிறோம். இப்போது காப்பிரைட் கன்சல்டன்ட் என்று ஒருவர் போன் செய்து, 18,000 ரூபாய் கட்டினால் என்.ஓ.சி.யும் பதிவுச் சான்றிதழும் வாங்கித் தருவதாகவும், இல்லாவிட்டால் மூன்று வருடம் ஜெயில் என்றும் சொல்கிறார். 'அடுத்தவர் கதையைத் திருடினால் இப்படித்தான்' என்கிறார் என் கொழுந்தனார். எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: எதையும் அழிக்காதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் நந்தினி. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். நம் நாட்டில் எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. அந்தக் கணக்கு 2014 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. ஆகவே நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம். என்.ஓ.சி. என்று ஒன்றை வாங்க வேண்டுமென்றால் அதைக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே அப்படி யாரும் இல்லை. இல்லாத ஒருவரின் கையெழுத்துக்குத்தான் அவர் 18,000 ரூபாய் கேட்கிறார்.

அடுத்து அவர் சொல்லும் 'பதிவு'. இந்தியாவில் காப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. செய்ய விரும்பினால் டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஒரு இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். பணம் கட்டியதும் ஒரு டைரி எண் வரும். மனு கைக்கு வந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று அதன்பின் 30 நாள் காத்திருப்பார்கள். பரிசோதனை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். இந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அந்த டைரி எண்ணை அழகான தாளில் அச்சடித்து, முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, 'பதிவாகிவிட்டது' என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தாளைப் பத்திரமாக லேமினேட் செய்து எடுத்துவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதச் சேமிப்பைக் கொடுத்திருப்பார்கள். உண்மையான பதிவே கிடைத்தாலும், நீங்கள் எழுதிய வாக்கியங்கள் உங்களுடையவை என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். நந்தினி உங்கள் சொத்தாகிவிட மாட்டாள்.

இதே ஆட்கள் இன்னொரு கையிலும் வேலை செய்கிறார்கள். யாரோ ஒருவருக்குப் பொதுவுடைமைக் கதையின் மறு ஆக்கத்தைப் பதிவு செய்து கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டி, அதே பாத்திரத்தை எழுதும் மற்றவர்களை மிரட்டி 'செட்டில்மென்ட்' கேட்பார்கள். அப்படிப்பட்ட பதிவை ரத்து செய்ய முன்பு ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். 500 ரூபாய்க்கு ஒரு சான்றிதழ் வாங்கலாம். அது தவறு என்று நிரூபிக்க திருப்பூர்க்காரர் சென்னைக்கு அலைய வேண்டும். இதை யோசிக்காமலா கலைத்தார்கள் என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இனி மஞ்சளழகி. இங்கே நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'கடல் புறா'வை எழுதிய சாண்டில்யன் 1987-ல் காலமானார். அவருடைய உரிமை 2047 முடிய உயிரோடு இருக்கிறது. அது அவருடைய வாரிசுகளிடமோ, அவர்கள் எழுதிக் கொடுத்தவர்களிடமோ இருக்கும். அந்த நாவலின் நாயகன் கருணாகரத் தொண்டைமான் சரித்திரத்தில் இருந்தவர். குலோத்துங்கனின் படைத்தலைவராகக் கலிங்கப் போருக்குப் போனதைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடியிருக்கிறார். அவரை யாரும் எழுதலாம். மஞ்சளழகி அப்படி இல்லை. அவளும், நாவலில் அவளைச் சுற்றி நடக்கும் சம்பவங்களும் சாண்டில்யனின் கற்பனை.

'நான் காசு வாங்கவில்லையே' என்று நீங்கள் கேட்பீர்கள். இலவசம் என்பது தண்டனையைக் குறைக்க உதவும், அனுமதி ஆகிவிடாது. 'காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை' என்று கதையின் தலையில் ஒரு வரி போடுகிறார்களே, அதற்கும் இங்கே பலன் கிடையாது. 'ஃபேர் யூஸ், பிரிவு 107' என்று போடுபவர்களும் உண்டு. அது அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு. யூடியூபில் யாரோ போட்டதைப் பார்த்து எல்லோரும் நகலெடுத்துக்கொள்கிறார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் இருப்பது பிரிவு 52. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று அது சொல்கிறது. உங்களைப் போன்றவர்கள் எழுதும் ரசிகர் புனைவு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

ஆனால் கதவு முழுவதுமாக மூடியிருக்கவில்லை. 1996-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மலையாள நாடக ஆசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற 1952-ஆம் ஆண்டு கம்யூனிஸ்ட் நாடகத்துக்குப் பதிலடியாக, அதே பாத்திரங்களையும் வசனங்களில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு சிவிக் சந்திரன் என்பவர் ஓர் எதிர் நாடகம் எழுதினார். பாசியின் குடும்பம் தடை கேட்டது. நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது: எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூல நாடகத்தின் வியாபாரத்தோடு இது போட்டி போடுமா. மூல நாடகத்தை விமர்சிக்கவே எடுத்திருக்கிறார் என்று பார்த்து நாடகத்தை அனுமதித்தது. உங்கள் மஞ்சளழகி, மூல நாவல் தன்னை எப்படி நடத்தியது என்று கேள்வி கேட்கிறாளா? கேட்கிறாள் என்றால் உங்களுக்கு வாதாட இடம் இருக்கிறது. அதே சம்பவங்களை அதே வரிசையில் திரும்பச் சொல்கிறாள் என்றால் அந்த இடம் மிகவும் குறுகல். என் யோசனை: இந்தத் தொடரைச் செயலியின் கட்டணப் பகுதிக்குக் கொண்டுபோகாதீர்கள், புத்தகமாக்காதீர்கள். புத்தகமாக்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அல்லது சாண்டில்யன் படைத்ததையெல்லாம் கழற்றிவிட்டு, தொண்டைமானையும் சோழர் காலக் கடலையும் மட்டும் வைத்துக்கொண்டு உங்களுடைய ஒரு பெண்ணைப் படையுங்கள்.

அனுமதி வாங்குங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். யாரிடம் கேட்பது என்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பார்க்கலாம். மற்றவற்றுக்கு, இந்த நூலின் உரிமை இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று ஒரு சாதாரண வாசகர் தெரிந்துகொள்ள எந்தப் பட்டியலும் இல்லை. பதிவு கட்டாயம் இல்லாததால் டெல்லிப் பதிவேட்டிலும் பெரும்பாலான நூல்கள் இருக்காது. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒழுங்காக அனுமதி கேட்க நினைப்பவரை இப்படி அலையவிட்டுவிட்டு, 'என்.ஓ.சி. வாங்கித் தருகிறேன்' என்று ஒருவன் போன் செய்தால் ஜனங்கள் ஏமாறாமல் என்ன செய்வார்கள்?

இப்போது மகளின் படங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். கல்கியின் எழுத்து பொதுச் சொத்து. ஆனால் அந்தத் தொடருக்கு வரையப்பட்ட படங்கள் கல்கியுடையவை அல்ல. பத்திரிகையில் முதலில் வந்தபோது வரைந்தவர் ஓவியர் மணியம். அவர் காலமானது 1968-ல். ஆக, அவருடைய ஓவியங்களுக்கான 60 ஆண்டு 2028 முடிவில்தான் தீரும். நாவல் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அவற்றின் கணக்கு இன்னும் நீளம். நம் எல்லோர் மனதிலும் இருக்கும் நந்தினி, எழுத்திலிருந்து வந்தவளா, மணியத்தின் கோட்டிலிருந்து வந்தவளா என்று பிரிப்பது கஷ்டம். ஆண்டாள் கொண்டை, அந்த நிற்கும் தோரணை, கண் என்று மகள் அறியாமலே படத்திலிருந்து எடுத்திருக்கலாம். அதனால் அவள் நாவலின் வர்ணனையைப் படித்து அதிலிருந்து வரைய வேண்டும். கொண்டை பொதுவானது, கவலையில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஓவியத்தின் அமைப்பு, நிலை, ஆடையின் விவரம் எல்லாம் அப்படியே வந்தால் அது நகல். 'நாவல்தான் நாட்டுடைமை ஆயிற்றே' என்ற பதில் அங்கே செல்லாது.

அடுத்தது திரைப்படம். 2022-லும் 2023-லும் வந்த படங்களின் உடை, நகை, காட்சி அமைப்பு எல்லாம் தயாரிப்பாளர்களுடையவை. அதற்கும் மேலே நடிகையின் முகம் இருக்கிறது. தன் பெயரையும் அடையாளத்தையும் அனுமதியில்லாமல் ஒரு படத்துக்குப் பயன்படுத்தியதை எதிர்த்து ரஜினிகாந்த் போட்ட வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே சொன்னது. நோட்டுப் புத்தகத்தில் அன்போடு வரைந்து நண்பர்களிடம் காட்டுவதை யாரும் கேட்கப் போவதில்லை. அதே முகத்தை மக்கில் போட்டு விற்றால் அது வியாபாரம். மகள் தன் கற்பனையில் ஒரு முகத்தைக் கொடுக்கட்டும், அப்புறம் தாராளமாக விற்கலாம். மக் அச்சிடும் கடைக்காரர் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பார். அவருடைய நிபந்தனைகளைப் படியுங்கள்; உரிமைப் பிரச்சினை வந்தால் நஷ்டம் முழுவதும் வடிவமைப்பைக் கொடுத்தவருக்கு என்று இருக்கும்.

நந்தினி தொடரைப் புத்தகமாக்கித் தருகிறேன் என்று வருபவர்களும் உண்டு. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மட்டும் தனியாக மூவாயிரம், ஐயாயிரம் என்று வாங்குவார்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. அந்த எண் புத்தகத்துக்கு ஒரு அடையாளம் மட்டுமே. உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் 'காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று எழுதிவைத்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெயில் விஷயம். பிரிவு 63-ல் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை தண்டனை இருப்பது உண்மை. தெரிந்தே மீறியவருக்குத்தான் அது பொருந்தும். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி குறைக்கலாம். இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இடைத்தரகர்களுக்கு வாய் நீண்டுவிட்டது. நந்தினிக்கு உரிமையாளரே இல்லாதபோது அந்தப் பிரிவு உங்கள் பக்கமே வராது. மஞ்சளழகி விஷயத்திலும் உரிமை கோரக்கூடியவர் உரிமையாளர்தான். போன் செய்த கன்சல்டன்ட் அல்ல.

நிஜமாகவே நோட்டீஸ் வந்தால் போனில் பேசாதீர்கள். எந்தப் படைப்பு, உரிமை யாருடையது, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அத்தியாயங்களை மறைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். அடிப்படையே இல்லாமல் மிரட்டுபவர் மீது பிரிவு 60-ன் கீழ் நீங்களே வழக்குப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருப்பூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். இந்த உரிமை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, யாரும் சொல்வதுமில்லை.

கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. கல்கி முடித்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். வாசகர்கள் அதையும் வைத்துப் படித்தார்கள். புதுமைப்பித்தன் அகலிகையைக் கையில் எடுத்து, சாபம் தீர்ந்த பிறகு அவள் என்ன நினைத்தாள் என்று எழுதினார். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் கம்பர் வான்மீகியின் கதையை எடுத்துத் தன் ஊர்த் தமிழில் பாடினார். ஒரு கதையை மிகவும் நேசித்தவர்தான் அதில் விட்டுப்போன பெண்ணைத் தேடிப் போவார். மூலத்தை மறைத்துத் தன்னுடையது என்று காட்டினால் அது திருட்டு. நீங்கள் கல்கியின் பெயரை மேலே போட்டுக்கொண்டுதான் எழுதுகிறீர்கள் என்று நம்புகிறேன். போடவில்லை என்றால் இன்றே ஒவ்வொரு அத்தியாயத்திலும் சேர்த்துவிடுங்கள். 60 ஆண்டு முடிந்தாலும் அந்த மரியாதை முடியாது. சாண்டில்யன் பெயரையும் அப்படியே போடுங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பென்சிலில் போட்ட முதல் வரைவுகளைத் தூக்கிப்போட வேண்டாம். தேதி போட்டு ஒரு கோப்பில் வைக்கட்டும். நாளை அவள் படத்தையே யாராவது எடுத்து விற்றால், தான்தான் வரைந்தேன் என்று காட்ட 18,000 ரூபாய்ச் சான்றிதழைவிட அந்தக் கோப்பு உதவும்.