தேசிய கீதத்தில் காவிரி ஏன் இல்லை?

(கும்பகோணம் வாசகர் வட்டத்தில் வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

திருவையாறு வாசகி: யமுனா, கங்கா வருகிறதே, நம் காவிரி ஏன் வரவில்லை ஐயா?

கோதாவரியும் நர்மதையும்கூட வரவில்லை அம்மா. தெற்குக்கெல்லாம் சேர்த்து ‘திராவிட’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் தாகூர். அவரைக் கோபித்துக்கொள்வானேன்? நம் ‘நீராருங் கடலுடுத்த’ பாட்டில் மட்டும் காவிரி இருக்கிறதா என்ன!

மன்னார்குடி மாணவர்: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்து எழுதிய பாட்டு என்கிறார்களே சார்?

ஆண்டுதோறும் ஆகஸ்டில் தவறாமல் வரும் கேள்வி. 1911 டிசம்பர் 27-ஆம் தேதி கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் இது முதன்முதலாகப் பாடப்பட்டது. அதே நாளில் மன்னரை வாழ்த்தி வேறொரு இந்திப் பாட்டும் பாடினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் சில இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டன. மன்னரைப் பாடவில்லை என்று 1937-இல் தாகூரே கடிதத்தில் மறுத்திருக்கிறார். அப்புறமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, என்ன செய்ய!

மயிலாடுதுறை வாசகர்: ‘வந்தே மாதரம்’ இருக்க இதை ஏன் எடுத்தார்கள்?

மதம் சார்ந்த எதிர்ப்பு ஒரு காரணம். பலரும் பேசாத இன்னொன்று மெட்டு. 1947-இல் ஐ.நா. பொதுச்சபைக்காக நியூயார்க் போன நம் தூதுக்குழுவிடம் ‘உங்கள் நாட்டு கீதம் எங்கே?’ என்று கேட்டார்கள். கையில் ‘ஜன கண மன’ இசைத்தட்டு இருந்தது. அதை வைத்து அங்கிருந்த வாத்தியக் குழு வாசித்தது, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. பேண்டில் வாசிக்கத் தோதான மெட்டு என்பதை 1948-இல் நேருவும் சொன்னார். என் கணக்கில் பாதி வெற்றி அந்த மெட்டுக்குத்தான். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஓட்டெடுப்பு, தீர்மானம் எதுவும் இல்லை. ராஜேந்திர பிரசாத் அறிவித்தார், அவ்வளவுதான். ‘வந்தே மாதர’த்துக்கும் சம மரியாதை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்.

குத்தாலம் வாசகர்: முழுப் பாட்டும் இவ்வளவுதானா?

ஐந்து பத்திகள். நாம் பாடுவது முதல் பத்தி மட்டும்.

திருவாரூர் நாதஸ்வரக் கலைஞர்: பள்ளி விழாவில் நாங்கள் வாசிக்கலாமா?

தாராளமாக. சங்கராபரணம் வாசிக்கிற கைக்கு இந்த மெட்டு சிரமமே இல்லை. ஆனால் முழு கீதத்துக்கும் சுமார் 52 விநாடிதான். கமகமும் பிருகாவும் போட்டு இழுத்தீர்களானால், எழுந்து நிற்கிற பிள்ளைகள் பாவம். தவில்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாட்டு முடிகிற இடத்தில் வாசிக்கிற தாளக்கோர்வையான ‘தீர்மானம்’ வைத்துவிடப் போகிறார்.