செவிப்பறை அறுவைக்குப் பின் மூன்று வாரமாகக் காது அடைப்பு

எண்டோஸ்கோப் (மெல்லிய கேமராக் குழாய்) வழியாகச் செவிப்பறை அறுவை செய்து மூன்று வாரமாகியும் காது அடைத்திருக்கிறது, நாக்கின் ஒரு பக்கம் உலோகச் சுவை தெரிகிறது, செவிப்பறை ஒட்டவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது வாரத்தில் காது அடைத்திருப்பதை மட்டும் வைத்து, செவிப்பறை ஒட்டவில்லை என்று முடிவு கட்ட முடியாது. முன்பைவிடக் குறைவாகக் கேட்பதும் இந்தக் கட்டத்தில் வழக்கமானதுதான்.

பெரும்பாலும் காரணம் உள்ளே வைத்த கரையும் பஞ்சு. செவிப்பறை ஓட்டையை மூட ஒட்டிய புதுச் சவ்வைத் தாங்குவதற்காக அதை வைப்பார்கள். அது கரைந்து வெளியேறச் சில வாரங்கள் ஆகும், அதுவரை ஒலியைத் தடுக்கும். எண்டோஸ்கோப் வழியாகச் செய்ததால் வெளிக்காயமும் வலியும் குறைவு. ஆனால் சவ்வு ஆறுவதற்கு அதே காலம்தான் பிடிக்கும். வலி போனதும் கேட்கும் திறனும் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். கேட்கும் திறனைப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் அளப்பார்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அறுவை செய்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால், அநேகமாக ஒலி போகும் வழியில்தான் அடைப்பு. மற்றக் காதுக்கே சத்தம் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது ஒரு குறிப்புதான், ஆடியோகிராமுக்கு (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) மாற்று அல்ல.

நாக்கின் ஒரு பக்கம் உலோகச் சுவை என்றீர்களே, சுவை நரம்பு ஒன்று செவிப்பறையை ஒட்டியே போகிறது. அது உரசப்பட்டிருக்கலாம், பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும்.

தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், சீழ், காய்ச்சல், திடீரெனக் கேட்காமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றே போய்விடுங்கள். சவ்வு ஆறும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், காதில் தண்ணீர் படவிடாதீர்கள்.