நண்பர் நேர் எதிர்க்கட்சி, உண்மை எந்தப் பக்கம்?

கேள்வி: என் நெருங்கிய நண்பன் அரசியலில் எனக்கு நேர் எதிர். ஒரே செய்தியை ஆளுக்கொரு விதமாகப் படித்துவிட்டு மல்லுக்கட்டுகிறோம். இருவருமே நன்றாகப் படித்தவர்கள்தான். இப்படி எதிரெதிராக நிற்பவர்களால் உண்மையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். தனியாகத் தேடுவதைவிட அவரோடு சேர்ந்து தேடுவதே மேல் என்பேன். ஆனால் "நன்றாகப் படித்தவர்கள்" என்கிறீர்களே, முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் டான் கஹான் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். தோல் களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. களிம்பு வேலை செய்கிறதா? 223-ஐப் பார்த்ததும் செய்கிறது என்றுதான் வாயில் வரும். வகுத்துப் பாருங்கள்: பூசியவர்களில் ஒருவருக்குக் கூடினால் மூன்று பேருக்குக் குறைந்திருக்கிறது, பூசாதவர்களில் ஒருவருக்கு ஐந்து பேர், ஆக பூசாமல் இருந்தவர்களே தேவலை. கணக்கில் கெட்டிக்காரர்கள் இதைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களிடம் அதே எண்களை, அந்நாட்டின் இரு பெரிய கட்சிகளும் மோதிக்கொள்ளும் துப்பாக்கித் தடைச் சட்டத்தால் குற்றம் குறைந்ததா என்ற கேள்வியாக மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே கெட்டிக்காரர்கள், விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக வந்தபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள், பாதகமாக வந்தபோது அதிகம் தப்பினார்கள், அதுவும் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் இரு கட்சிக்காரர்களுக்கும் இடையே பிளவு பெரிதாக இருந்தது. மேலோட்டமாகத் தெரிகிற விடை பிடித்துப்போனால் வகுத்துப் பார்க்க யாருக்கும் கை வருவதில்லை.

நானும் இதைச் செய்கிறேன். பிடித்த செய்தி என்றால் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறேன், பிடிக்காத செய்தி என்றால்தான் யார் எடுத்த கணக்கு, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று தோண்டுகிறேன். நான் தோண்டாமல் விட்டதைத் தோண்ட எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வேண்டும், உங்களுக்கு அவர் கிடைத்திருக்கிறார்.

விக்கிப்பீடியாவில் இதைப் பார்க்கலாம். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளை ஆராய்ந்து 2019-ல் வெளிவந்த ஆய்வின்படி, இடதும் வலதும் கலந்து எழுதிய கட்டுரைகளின் தரம் ஒரே பக்கத்தார் எழுதியவற்றைவிட மேலாக இருந்தது. அவர்கள் நீளமாக வாதாடினார்கள், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற பொது விதி இரண்டு தரப்பையும் கட்டியிருந்தது. விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் சொல்லே இருக்கிறது, விதண்டாவாதம். பழைய தர்க்க நூலார் உண்மையை அறியப் பேசுவதை வாதம் என்றும் ஜெயிக்கப் பேசுவதை ஜல்பம் என்றும் பிரித்து, தனக்கென ஒரு நிலை வைக்காமல் எதிராளியை உடைக்க மட்டும் பேசுவதற்கு விதண்டை என்று பெயர் வைத்தார்கள்.

அதனால் அடுத்த சண்டைக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். எந்த ஆதாரம் வந்தால் நான் தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்பதை, தேடுவதற்கு முன்பே, ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டேனியல் கானமன் என்ற உளவியலாளர், கருத்தில் மோதும் ஆய்வாளர்கள் இப்படிச் சேர்ந்தே ஆராய வேண்டும் என்று வற்புறுத்தினார், தானும் எதிர்முகாமைச் சேர்ந்த கேரி கிளைனோடு பல ஆண்டுகள் உழைத்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எங்கே உள்ளுணர்வை நம்பலாம், எங்கே கூடாது என்பதில் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள்.

கேள்வி: அப்படியென்றால் உண்மை எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தானே இருக்கும்?

பதில்: இல்லை. மரபணு என்பதே கட்டுக்கதை என்றார் சோவியத் ஒன்றியத்தின் வேளாண் ஆய்வாளர் லைசென்கோ, மரபியலை விட்டுக்கொடுக்க மறுத்தார் அதே நாட்டின் தாவரவியல் அறிஞர் வாவிலோவ். இதில் நடு எங்கே இருக்கிறது? ஸ்டாலினின் ஆதரவு லைசென்கோவுக்கு இருந்தது. வாவிலோவை 1940-ல் கைது செய்தார்கள், 1943-ல் சிறையிலேயே இறந்தார், 1948-ல் அந்த நாட்டில் மரபியலுக்கே தடை வந்தது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத அந்தத் தப்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.