வாசகர் கேள்வி பதில்: இடுப்புக்கு மேலயா, கீழயா?

பிரிட்டன்ல மாற்றுத்திறனாளிகளுக்குக் குடுக்குற பணத்துல 2025-ல கை வெச்சு லேபர் கட்சி நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சே சார். தொழிலாளர் கட்சின்னு பேரு வெச்சிட்டு ஏன் இந்த வேலை? (கோவை வாசகர்)

எல்லாம் பட்ஜெட் படுத்துற பாடுதான். 2025 மார்ச் 18-ம் தேதி அமைச்சர் லிஸ் கெண்டல் திட்டத்தை அறிவிச்சாங்க, வேலைக்குப் போக உதவி, பயிற்சின்னு உள்ள நல்ல விஷயமும் இருந்துச்சு, ஆனா 2029-30 வாக்குல வருஷத்துக்கு 500 கோடி பவுண்டு மிச்சம்ங்கிற ஒரு வரிதான் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. அவ்வளவெல்லாம் மிச்சம் வராதுன்னு பட்ஜெட் கணக்கு பாக்குற ஆபீஸ் சொன்னதும், சரியா எட்டு நாள் கழிச்சு நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் வந்து, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசு குடுக்குற யுனிவர்சல் கிரெடிட்ங்கிற உதவித்தொகைல உடம்பு முடியாம புதுசா வர்றவங்களுக்குக் குடுக்குற கூடுதல் தொகையைப் பாதியாக்கி, 2030 வரைக்கும் ஏத்தவும் மாட்டோம்னுட்டாங்க. யாருக்கு என்ன தேவைன்னு பாத்துத் திட்டம் போட்டிருந்தா ஒரு வாரத்துல இப்படி மாறுமா? தொகையை முதல்ல எழுதிட்டு அப்புறமா ஆளைத் தேடுன கதை இது.

அரசு தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கக் கூடாது. கோவிட்டுக்கு முன்னாடி மாசம் சுமார் 13,000 பேருக்குப் புதுசா பிஐபி (Personal Independence Payment, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை) கிடைச்சிட்டு இருந்துச்சு, அது 34,000 வரைக்கும் ஏறிடுச்சு, மனநலப் பிரச்சினைன்னு வர்றவங்க, குறிப்பா சின்ன வயசுக்காரங்க, நிறைய. ஏன் இப்படின்னு கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதுக்கு ஆஸ்பத்திரி வெயிட்டிங் லிஸ்ட்ட பாக்கணும், பிஐபி குடுக்குற விதியை மாத்தி எழுதுனா வியாதி போயிடுமா?

அண்ணை, பிஐபி எடுக்கிறவை எல்லாம் வேலைக்குப் போகாமல் வீட்டில இருந்து காசு எடுக்கினம் எண்டு இஞ்ச எங்கட ஆக்களே கதைக்கினம். உண்மையோ? (ஹாரோ, லண்டன்)

இல்லைங்க. அந்த விவாதம் முழுக்கக் கெட்டுப்போனதே இந்தக் குழப்பத்தாலதான். 2013-ல வந்த பிஐபி வேலை இல்லாதவங்களுக்கான பணம் கிடையாது. உடம்புக் குறையால ஆகுற கூடுதல் செலவுக்கான பணம், வேலைக்குப் போறவங்களும் வாங்கலாம், வாங்குறாங்க. வீல்சேர்ல ஆபீஸ் போறவர் டாக்சிக்கு எங்க போவார்? அதைப் புடுங்கினா சில பேரு இருக்குற வேலையையும் விட வேண்டி வரும். ஆனா அமைச்சருங்க மேடைக்கு மேடை "வேலைக்குப் போங்க"ன்னுதான் பேசினாங்க.

ஏமாத்தி வாங்குறாங்கன்னும் சொல்வாங்களே, அதுக்கு அரசோட 2023-24 கணக்கையே காட்டுங்க, பிஐபில மோசடி 0.0 சதவீதம்னு போட்டிருக்கு.

நாலு பாயின்ட் நாலு பாயின்ட்டுன்னு எல்லா நியூஸ்லயும் படிச்சேன், ஒண்ணும் புரியல. கொஞ்சம் விளக்க முடியுமா? (மதுரை வாசகி)

கண்டிப்பா, இங்கதான் விஷயமே இருக்கு. பிஐபில தினசரி வாழ்க்கைக்குன்னு பத்து வேலை லிஸ்ட் போட்டிருக்காங்க, சமைக்கிறது, சாப்பிடுறது, குளிக்கிறது, டிரெஸ் போடுறதுன்னு. ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு கஷ்டம்னு பாத்து பாயின்ட், மொத்தம் 8 வந்தா வாரம் 73.90 பவுண்டு, 12 வந்தா 110.40, இது 2025-26 ரேட்டு. புதுசா என்ன சொன்னாங்கன்னா, 2026 நவம்பர்ல இருந்து மொத்தம் 8 இருந்தா மட்டும் போதாது, ஏதாவது ஒரே வேலைல 4 பாயின்ட் இருந்தே ஆகணும்.

இப்ப இதைப் பாருங்க. இடுப்புக்கு மேல சட்டை போட இன்னொருத்தர் உதவி வேணும்னா 4 பாயின்ட். இடுப்புக்குக் கீழ பேன்ட் போட உதவி வேணும்னா 2 தான். குளிக்கிறதும் அப்படியே, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் கழுவ உதவி வேணும்னா 4, தலைக்கோ இடுப்புக்குக் கீழயோன்னா 2. அடுப்புல சமைக்க முடியாது, மைக்ரோவேவ்ல சுட வெச்சுக்க முடியும்னா அதுவும் 2. முதுகு போன ஒருத்தர், காலையில பேன்ட்ட மாட்டக் குனிய முடியாது, காலைக் கழுவ மக எழுந்து வரணும், டாய்லெட்ல கம்பியைப் புடிச்சாத்தான் உக்காந்து எந்திரிக்க முடியும், அடுப்புல சமைக்க முடியாம மைக்ரோவேவ்தான், இப்படி எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டா சேர்ந்து 8 வரும், ஆனா 4 ஒண்ணு கூட இல்லையே, அப்ப தினசரி வாழ்க்கைப் பணம் சுத்தமா கட். குறைஞ்ச ரேட் வாங்குறவங்கள்ல 87 சதவீதம் பேருக்கு எந்த வேலைலயும் 4 பாயின்ட் கிடையாதுன்னு அப்புறம் அரசுத் துறையே சொல்லிச்சு.

அந்த மகளுக்கும் அடி இருக்கு. வாரம் 35 மணி நேரம் பாத்துக்கிட்டா கேரர்ஸ் அலவன்ஸ்னு (2025-26 ரேட்டுல) வாரம் 83.30 பவுண்டு வரும், அப்பாவோட பணம் நின்னா அதுவும் நிக்கும். இப்படி 1,50,000 பேரு இழப்பாங்கன்னும், மொத்தத்துல 2,50,000 பேரு வறுமைக்குள்ள போவாங்க, அதுல 50,000 குழந்தைங்கன்னும் அரசே கணக்கு போட்டு வெச்சிட்டுத்தான் மசோதாவைக் கொண்டு வந்துச்சு. அதான் எனக்கு ஆறவே இல்லை.

கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சில இருந்திருந்தா? (திருச்சி வாசகர்)

பணத்துக்குப் பதிலா வவுச்சர் குடுக்கலாமான்னு 2024-ல அவங்க சுனக் அரசே கேட்டுச்சு. 2016-ல அவங்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பிஐபியை வெட்டப் பாத்து, உதவித்தொகைத் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்தே ராஜினாமா பண்ணி, வெட்டு வாபஸ் ஆச்சு. ராஜினாமா பண்ண தேதி மார்ச் 18. ஒன்பது வருஷம் கழிச்சு அதே தேதில லேபர் அறிவிச்சிருக்கு, காலண்டர் பாக்குற ஆளு அங்க யாரும் இல்ல போல!

கடைசில என்னதான் ஆச்சு? (ஈரோடு வாசகர்)

லேபர் எம்பிங்க 120 பேருக்கு மேல மெக் ஹில்லியர் தலைமையில இந்த மசோதாவையே நிறுத்துற திருத்தத்துல கையெழுத்து போட்டாங்க. அரசு பயந்து, இப்ப வாங்குறவங்களைத் தொட மாட்டோம், புதுசா வர்றவங்களுக்கு மட்டும்தான் விதின்னு இறங்கி வந்துச்சு. அப்ப ஒரே நோய், ஒரே தெரு, ஆனா நவம்பருக்கு அப்புறம் விழுந்தவனுக்கு மட்டும் கிடையாதான்னு கேட்டா என்ன பதில் சொல்லுவாங்க? ஜூலை 1-ம் தேதி ஓட்டெடுப்புக்குக் கொஞ்சம் முன்னாடி, சபைல விவாதம் ஓடிட்டு இருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எந்திரிச்சு அந்த நாலு பாயின்ட் பகுதியையே எடுத்துடுறோம்னாரு. அப்பவும் 49 லேபர் எம்பிங்க எதிர்த்துதான் ஓட்டு போட்டாங்க, 335-க்கு 260-ன்னு பாஸ் ஆச்சு. மசோதா பேர்ல இருந்த பிஐபியையும் தூக்கிட்டாங்க.

ஆனா முழு வெற்றின்னு கொண்டாடாதீங்க. யுனிவர்சல் கிரெடிட் வெட்டு சட்டமாயிடுச்சு, 2026 ஏப்ரல்ல இருந்து புதுசா வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த ஹெல்த் தொகை மாசம் 217.26 பவுண்டுதான், பழைய ஆளுங்க வாங்குறதுல கிட்டத்தட்ட பாதி. பாயின்ட் விவகாரத்தை டிம்ஸ் தலைமையில ஒரு குழுகிட்ட குடுத்திருக்காங்க, 2026 இலையுதிர் காலத்துக்குள்ள அறிக்கைன்னு பேச்சு.

லண்டன்ல இருக்குற எங்க அம்மாவுக்கு பிஐபி மறுத்துட்டாங்க. அவங்க "எனக்கு எதுக்கு, விடு"ன்னு சொல்றாங்க. (ஈஸ்ட் ஹாம் வாசகி)

விடாதீங்கம்மா. நம்ம அம்மாமாருங்ககிட்ட "சமைப்பீங்களா"ன்னு கேட்டா "ஓ, சமைப்பேனே"ன்னுதான் பதில் வரும், அதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பாங்கங்கிறது ஃபார்ம்ல ஏறாது. விதி என்ன சொல்லுதுன்னா, ஆபத்து இல்லாம, ஒழுங்கா, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள்ள செய்ய முடியணும், அப்படி முடிஞ்சாத்தான் முடியும்னு அர்த்தம். முடியாத நாளு எப்படி இருக்கும்னு எழுதுங்க. முடிவுக் கடிதத்துல இருக்குற தேதில இருந்து ஒரு மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்கணும், மதிப்பீடு பண்ணவங்க எழுதுன ரிப்போர்ட்டையும் ஃபோன் பண்ணிக் கேட்டு வாங்குங்க. அதுலயும் இல்லன்னா டிரிபியூனல்னு தீர்ப்பாயம் இருக்கு, ஃபீஸ் கிடையாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்னாடியே சொல்லி வைக்கலாம். விசாரணை வரைக்கும் போறவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேருக்கு சாதகமா முடிவு மாறுது. அம்மாவைக் கூப்பிட்டுட்டு இந்த வாரமே இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆபீஸ் போங்க, அந்தக் கடிதத்தை மறக்காம எடுத்துட்டுப் போங்க.